மேசையில் வைத்த பெல்ட்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஜெர்மனியில் ஹம் நகரத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன் ஒரு பின்னேரம் நடந்தது. நான் காலை ஷிப்ட் முடித்து வந்து, முகம் கழுவி, காற்சட்டையை மாற்றிச் சாரத்தைக் கட்டிக்கொண்டு தேத்தண்ணிக்குக் காத்திருந்தேன். மனைவி குசினியில் மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு சாதாரணப் பொழுதில் ஒரு மனிதன் கட்டிக்காத்த பெருமையெல்லாம் பொலபொலவென்று உதிரும் என்று யார் கண்டது.

என்னைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் மன்னாரிலிருந்து புறப்பட்டு, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு கைப்பையோடு வந்து இறங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். அன்றிலிருந்து தொழிற்சாலை வேலைதான். ஆனால் ஜெர்மன் மொழி எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. எங்கள் சனத்துக்கு வரும் அலுவலகக் கடிதங்களை வாசித்துச் சொல்வதும், அவர்களுடைய அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும் என் வேலையாகிவிட்டது. அதனால் என்னை ‘அப்புக்காத்து’ என்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்புக்காத்து என்றால் வக்கீல். பகிடிக்குத்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு உள்ளூர அது பிடிக்கும்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் எர்லாங்கனில் இன்ஜினியர். பத்தொன்பது வயதில் படிக்கப் போனவன், போனவன்தான். நத்தார் பண்டிகைக்கு மத்தியானம் வருவான், அடுத்த நாள் காலை ரயிலில் ஏறிவிடுவான். தாயோடு மணிக்கணக்காகக் கதைப்பான். என்னிடம் போன் வந்தால் சுகமா என்பதோடு சரி. “ஒரு அடி அடிக்காமல் வளர்த்த பிள்ளை இப்படி இருக்கிறான்” என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறேன். இளையவள் இங்கிலாந்தில் என் தங்கை வீட்டில் நின்று சட்டம் படிக்கிறாள். அந்த ஈஸ்டர் லீவுக்கு அவள் மட்டும் வந்திருந்தாள்.

ஒரு அடி அடிக்காமல் வளர்த்தேன் என்பது பொய்யில்லை. என் தகப்பன் பெல்ட்டால் விளாசியவர். என் முதுகில் அதன் அடையாளம் இன்னும் இருக்கிறது. நான் தகப்பனானால் பிள்ளை மேல் கை வைக்கமாட்டேன் என்று சின்ன வயதிலேயே முடிவெடுத்திருந்தேன். இந்த நாட்டுக்கு வந்தபின் அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. இங்கே பிள்ளையை அடிக்கக் கூடாது. பூசை முடிந்து வெளியே நிற்கும்போது எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் எச்சரிக்கை செய்வார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாய் விட்டால் போதும், அரசாங்கம் பிள்ளையையே கொண்டுபோய்விடும் என்பது எல்லோருடைய பயமும்.

அதற்குத்தான் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். மகன் பள்ளிக்கூடத்திலிருந்து குறைந்த புள்ளி கொண்டுவந்தால், தாயிடம் எதிர்த்துக் கதைத்தால், நான் சாப்பாட்டு நேரம் பெல்ட்டைக் கழற்றுவேன், சாரம் கட்டியிருந்தால் அறைக்குப் போய் எடுத்து வருவேன். இரண்டாக மடிப்பேன். பக்கிள் அவன் பக்கம் பார்க்கும்படி மேசையில், என் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். பிறகு சிலுவை அடையாளம் போட்டு, சாப்பாட்டுச் செபம் சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்குவேன். வீடு கப்சிப் என்று இருக்கும். அடுத்த நாள் பாடமெல்லாம் ஒழுங்காகப் படித்திருப்பான். விருந்தாளிகள் வந்தால் அவனைக் கூப்பிட்டு, “அப்பா உனக்கு ஒருநாளாவது அடிச்சிருக்கிறாரா, சொல்லு” என்பேன். “இல்லை” என்பான். மற்றத் தகப்பன்மாருக்கும் இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தேன். கை வையாதேங்கோ, கழட்டி மேசையில வையுங்கோ, அதுவே போதும் என்று.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். மகளுக்கு லீவு முடிந்ததும் பரீட்சை. பாடம், ஆளை ஆள் தாக்கும் குற்றங்கள். சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். ரோல்ஸ் வைக்க இடமில்லை. “அப்புக்காத்து, இஞ்சை வந்து இருங்கோ. நான் கேஸ் சொல்லுறன், குற்றமா இல்லையா எண்டு நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்கு விளங்கினா சோதனை பாக்கிறவருக்கும் விளங்கும்” என்றாள். எனக்கு இதைவிட என்ன வேண்டும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாதி தமிழிலும் பாதி ஜெர்மனிலும் சொல்லிக்கொண்டு போனாள். ஒருவன் இன்னொருவன் முகத்தில் துப்பினால்? குற்றம் என்றேன், சரி. ஒருத்தன் சம்மதம் கேட்காமல் ஒரு பெண்ணின் தலைமயிரை வெட்டிவிட்டால்? மயிரில் என்ன நோவு இருக்கிறது, காயமே இல்லையே என்றேன். பிழை. மயிரும் உடம்புதான், அது உடம்புக்குச் செய்த கேடுதான் என்றாள். அப்படியென்றால் எனக்கு வழமையாக முடி வெட்டுகிறவன் ஆயுளுக்கும் சிறை மறியலில்தான் என்றேன். சிரித்தாள். தோல் கிழிந்தால்தான் வெட்டுக்காயம், எவ்வளவு கறுத்துக் கன்றிப்போனாலும் அது வேறு கணக்கு என்று ஒரு அட்டை. யாரோ திரும்பத் திரும்பப் போன் எடுத்து ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறான் என்று இன்னொரு அட்டை. “போன் வயருக்குள்ளால கை வருமா பிள்ளை? குற்றமில்லை” என்றேன். அதுவும் பிழை.

எனக்குப் பொறுக்கவில்லை. அடிக்கவில்லை, தொடவில்லை, பக்கத்தில்கூட இல்லை, பிறகு எப்படிக் குற்றம் என்று பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவள் அதை விளக்கினாள். இங்கிலாந்துச் சட்டத்தில் தொடுவது ஒரு குற்றம், ‘அசோல்ட்’ என்பது வேறு குற்றம். அசோல்ட்டுக்குத் தொடவே தேவையில்லை. இப்போதே எனக்கு அடி விழப்போகிறது என்று ஒருவரை நினைக்க வைத்தால் போதும். அப்படி நினைக்க வைக்கவேண்டும் என்று செய்திருக்க வேண்டும், அல்லது நினைப்பார் என்று தெரிந்தும் அக்கறையில்லாமல் செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான். வாளில் கை வைத்துக்கொண்டு, “நீதிபதி ஊரில் இல்லையென்றால் உன்னை ஒரு கை பார்த்திருப்பேன்” என்று சொன்ன ஒருவனைப் பற்றியும் ஒரு பழைய வழக்குச் சொன்னாள். நான் குற்றம் என்றேன். இல்லையாம். நீதிபதி ஊரில் இருந்தபடியால், இப்போது அடிக்கமாட்டேன் என்று அவனே சொல்லிவிட்டானாம். வாள் வைத்திருப்பவன் வீட்டுக்குப் போகலாம், மூச்சு விட்டவன் மறியலுக்குப் போகவேண்டும், இது என்ன சட்டம் என்று நான் அரை மணித்தியாலம் வாதாடினேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

அவளைத் தோற்கடிக்கவேண்டும் என்று ஒரு ஆசை வந்தது. அதுதான் என் கெட்டகாலம். “சரி, இப்ப நான் ஒரு கேஸ் சொல்லுறன், நீ தீர்ப்புச் சொல்லு” என்றேன். “ஒரு தகப்பன். பிள்ளை பிழை விட்டிட்டுது. அவர் பெல்ட்டைக் கழட்டி மேசையில வைக்கிறார். வாய் திறக்கேல்லை, கை தூக்கேல்லை. ஒருநாளும் அடிச்சதும் இல்லை. இது என்ன குற்றம்?”

சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டுப் பழைய கதைதானே. அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த அட்டைகளைத் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். குசினியில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது, கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

“அந்தப் பிள்ளை, இப்ப தனக்கு அடி விழப்போகுது எண்டு நினைச்சுதா?” என்று கேட்டாள்.

“நினைக்கத்தானே வேணும். அதுக்குத்தானே வைக்கிறது” என்றேன், பெருமையாக.

“அப்ப தகப்பன் தெரிஞ்சுதான் செய்தவர்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டம் கேட்கும் இரண்டு கேள்விக்கும் நானே என் வாயால் பதில் சொல்லிவிட்டேன். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிய அப்புக்காத்து தன் வழக்கில் தானே போய் மாட்டிக்கொண்டார். நான் விடவில்லை. ஒருநாளும் அடிக்காத தகப்பனைப் பார்த்து எந்தப் பிள்ளை பயப்படும் என்றேன். அவளும் நியாயமாகத்தான் பேசினாள். உடனே அடி விழும் என்று நினைத்ததை நிரூபிப்பது கஷ்டம் என்றாள். தாய் தகப்பனுக்கு ‘நியாயமான தண்டனை’ என்று இங்கிலாந்தில் இன்னும் ஒரு சலுகை இருக்கிறது என்றாள். “கோர்ட்டில நீங்கள் வெல்லக்கூடும், அப்பா” என்றாள். அதுவரைக்கும் யாரோ ஒரு தகப்பனைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஆனா இந்தக் குற்றத்தில தகப்பன்ரை கை என்ன செய்தது எண்டு பாக்கிறேல்லை. முன்னால இருந்தவர் என்ன நினைச்சவர் எண்டுதான் கேக்கிறது. நீங்கள் அண்ணாவைக் கேட்டனீங்களா?”

நான் கேட்டதில்லை. ஒருநாளும் கேட்டதில்லை. கோபம்தான் வந்தது. “சோறு போட்டு வளர்த்த தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில ஏத்தவோ உன்னை அங்கை படிக்க அனுப்பினனான்” என்று கத்தியபடி எழும்பினேன். கதிரை பின்னால் விழுந்தது. மகளின் கண் சட்டென்று என் இடுப்பைப் பார்த்தது. நான் சாரம் கட்டியிருந்தேன். அங்கே பெல்ட் இல்லை. அவளுக்கு வயது இருபத்திமூன்று. அவளுக்காக நான் ஒருமுறைகூடப் பெல்ட்டைக் கழற்றியதில்லை. அண்ணனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தவள், அவ்வளவுதான். அப்படியிருந்தும் பார்த்தாள்.

மனைவி ரோல்ஸ் தட்டோடு வந்தாள். அட்டைகளை ஒதுக்கிவிட்டு நடுவில் வைத்தாள். விழுந்த கதிரையை நிமிர்த்தினாள். “வேலையால வந்த உடனை நான் ஏன் உங்களுக்குச் சாரம் எடுத்துத் தாறனான் எண்டு தெரியுமோ?” என்று கேட்டாள்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து என் மனைவிக்கு ஒரு பழக்கம் இருந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் கதவைத் திறக்கும்போதே மடித்த சாரத்தோடு வீட்டு நடையில் நிற்பாள். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னே கையில் தந்துவிடுவாள். வெளிநாட்டுக்கு வந்தும் இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும் என்று நண்பர்களிடம் மார்தட்டியிருக்கிறேன்.

“கல்யாணம் கட்டின உடனை இல்லை. மூத்தவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாப் பிறகுதான்” என்றாள். “சாரம் கட்டினா பெல்ட் அலுமாரிக்குள்ளை போயிடும். கோவம் வந்தாலும் நீங்கள் எழும்பி அறைக்குப் போய்த்தான் எடுத்துக்கொண்டு வர வேணும். அதுக்குள்ளை பிள்ளை ரெண்டு வாய் சாப்பிட்டிடும்.”

அவள் அழவில்லை. குற்றம் சாட்டும் குரலும் இல்லை. கறிக்கு எவ்வளவு உப்பு என்று சொல்வதுபோலச் சொன்னாள். இத்தனை வருடம் அவள் வாசலில் நின்றது எனக்காக இல்லை. இரண்டு வாய் சோற்றுக்காக. எனக்கு அப்போது வந்த வெட்கத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் இருந்தேன். அலுமாரிக்குள் பெல்ட் தொங்கியது. கையில் எடுத்துப் பார்த்தேன். பழைய பெல்ட், தோல் வெடித்து, மடித்து மடித்து நடுவில் ஒரு கோடு விழுந்திருந்தது. யாரையும் அடிக்காத பெல்ட்டில் அத்தனை தேய்மானம்.

அடுத்த நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வருடா வருடம் போகிறவன்தான். பொய், கோபம், பூசைக்குப் போகாத ஞாயிறு எல்லாம் ஒழுங்காகச் சொல்வேன். இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை, பாவம் என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு. இந்த முறை சொன்னேன். குருவானவர் அதிகம் பேசவில்லை, இதை எனக்குச் சொன்னது மட்டும் போதாது, மகனிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார்.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை எர்லாங்கனுக்கு ரயில் ஏறினேன். வரட்டுமா என்று போனில் கேட்டபோது மகன், வாங்கோ என்றான். பெல்ட்டை முதல் நாளே குப்பை வாளியில் போட்டுவிட்டேன். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பு. ஆனால் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து நான் மெலிந்துபோயிருந்தேன், காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வழி முழுக்க, ரயில் மாறும்போதெல்லாம், ஒரு கையில் பையும் மறு கையில் காற்சட்டையுமாக ஓடினேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஸ்டேஷனுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருந்தான். என் பையை வாங்கிச் சைக்கிளில் மாட்டினான். வீடு மூன்றாம் மாடியில், ஒற்றை ஆளுக்கு அளவான வீடு. பருப்பும் மீன் குழம்பும் சமைத்து வைத்திருந்தான். தாயின் கைப்பக்குவம் அப்படியே இருந்தது. சின்ன மேசையில் எதிரெதிரே இருந்தோம். செபம் சொல்லத் தொடங்கினேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அவன்தான் சொல்லி முடித்தான்.

“நான் பெல்ட்டை மேசையில வைச்சது பிழை, மகன்” என்றேன். ரயிலில் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன், அதில் இது மட்டும்தான் வாயில் வந்தது.

அவன் தண்ணீர்க் கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தான். “நீங்கள் ஒருநாளும் அடிக்கேல்லைத்தானே, அப்பா” என்றான். குத்திக்காட்டவில்லை. விருந்தாளிகள் முன்னால் நான் அவனுக்குப் பழக்கிய பதில் அது. முப்பது வயது தாண்டியும் கேள்வி வந்ததும் தானாக வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவனே தொடர்ந்தான். “அடிச்சா அந்த அடியோட முடியும். அது மேசையில கிடக்கேக்கை, சாப்பாடு முடியுமட்டும் முடியாது. அம்மா அந்த நாளில என்ன சமைச்சவ எண்டு எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. பக்கிள்தான் ஞாபகம்.”

அவ்வளவுதான் சொன்னான். நான் அழுதேன். அவன் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, கதைகளில்தான் அப்படி நடக்கும். என் சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டான். நான் சாப்பிட்டேன்.

பின்னேர ரயிலுக்குப் புறப்படும்போது எழும்பினேன், காற்சட்டை வழுகியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசடு வழிய நின்றேன். உன்னுடைய பெல்ட் ஒன்று இருந்தால் தாவன், பிறகு அனுப்பிவிடுகிறேன் என்று கேட்டேன். யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

“என்னட்டை பெல்ட் இல்லை, அப்பா. நான் கட்டுறேல்லை” என்றான்.

பெரிய கம்பெனியில் இன்ஜினியர். கூட்டங்களுக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறவன். அவன் வீட்டில் ஒரு பெல்ட் இல்லை. அவன் அதைச் சோகமாகச் சொல்லவில்லை, தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை என்று சொல்வது போலச் சொன்னான். பிறகு ஒரு லாச்சியைத் திறந்து பார்சல் கட்டும் கயிறு எடுத்தான். என் முன்னால் முழந்தாளிட்டு, காற்சட்டை வளையங்களுக்குள்ளால் கயிற்றைக் கோத்து, இழுத்து, முடிச்சுப் போட்டான். இறுக்கமா என்று கேட்டான். இல்லை என்றேன். நான் குனிந்து அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே நரை தொடங்கியிருந்தது. தலையைத் தடவ வேண்டும் போலிருந்தது. கையைத் தூக்கினால் அவன் என்ன நினைப்பானோ என்று பயந்து, கையை அப்படியே தொங்கவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடும் கதைக்கிறான். வருடத்தில் இரண்டு மூன்று தரம் வீட்டுக்கு வருகிறான், இரண்டு நாள் தங்குகிறான். நான் சொல்லிக்கொடுத்த தகப்பன்மாரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்து, நான் சொன்னது பிழை என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் போனை வைத்துவிட்டார். மகள் அந்தச் சோதனையில் நன்றாகச் செய்தாள்.

நான் பெல்ட் கட்டுவதை விட்டுவிட்டேன், அந்தக் கயிறுதான் இப்போதும். அப்படியிருந்தும் மகன் சாப்பிட உட்காரும்போது முதலில் என் இடுப்பைத்தான் பார்க்கிறான், தான் பார்ப்பது அவனுக்கே தெரியாது. தொடாமலே ஒருவரை அடிக்க முடியும் என்று சட்டத்தில் எழுதியிருப்பதை மகள் படித்துச் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன், ஆனால் படிக்காமலே அதை அறிந்த மூன்று பேர் வருடக்கணக்காக என்னோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.